ரோஸ்டி வாங்கிய பன்னிரண்டாவது பை

மீன்பிடிக்கப் போகிறவரை உங்களுக்குத் தெரியும். விடிவதற்குள் எழுந்து, வீட்டில் யாருடைய தூக்கத்தையும் கெடுக்காமல், ஒரு கோலையும் கொஞ்சம் இரையையும் எடுத்துக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் கையில் மீனோடோ தப்பித்துப்போன மீனைப் பற்றிய கதையோடோ திரும்பி வருகிற சாதாரண மனிதர் அவர். அவரைப் பற்றி இங்கே பேச்சில்லை. நாம் பார்க்கப்போவது அவருக்குப் பங்காளி முறையான இன்னோர் இனத்தை: மீன்பிடிக்கப் போவதற்குப் பை வாங்கப் போகிறவரை.

இவரை ஆற்றங்கரையிலோ கடலோரத்திலோ தேடினால் கிடைக்கமாட்டார். சனிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, குளிரூட்டிய கடைக்குள், பைகள் தொங்கும் சுவரின் முன்னால் நின்று, ஒரு பையின் ஜிப்பை மெதுவாக இழுத்தபடி அதில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார். ஏன் காது? ஜிப் ஓடுகிற சத்தத்திலேயே அதன் ஆயுள் தெரிந்துவிடும் என்பது இவருடைய கொள்கை. யார் சொன்னது? இன்னொரு பைக்காரர். அவருக்கு யார் சொன்னது? அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். அப்புறம் நாமும் ஜிப்பில் காதை வைக்க வேண்டிவரும்.

ஒரு மாதிரிக்குச் சிரம்பானில் இருக்கிற ரோஸ்டி ஹம்டானை எடுத்துக்கொள்வோம். நாற்பத்தேழு வயது. ஓர் அலுவலகத்தில் கோப்புகளுக்கு எண் போட்டு அடுக்குகிற வேலை. குணத்தில் தங்கம். யாரிடமும் குரலை உயர்த்தியதில்லை, யார் கேட்டாலும் இல்லை என்று சொன்னதில்லை, நேரம் தவறித் தொழுததில்லை. ஐந்து ரீல்கள் வைத்திருந்தார். தூண்டில் நூலைச் சுற்றி வைக்கிற அந்தச் சக்கரங்களில் மூன்று, வாங்கிய நாள் முதல் தண்ணீரின் முகத்தைப் பார்த்ததில்லை. ஆனால் ஞாயிறு தோறும் எண்ணெய்க் குளியல் ஐந்துக்கும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு துணிச் சட்டை உண்டு. சட்டை போட்ட ரீல்களை மேசைமேல் வரிசையாக வைத்துவிட்டு அவர் பார்க்கிற பார்வையை, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிற வீடுகளில் நீங்கள் பார்த்திருக்கலாம்.

பிறக்கும்போதே யாரும் பைக்காரராகப் பிறப்பதில்லை. ரோஸ்டிக்கும் ஒரு நாள் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், போர்ட் டிக்சன் படகுத்துறையில், மளிகைக்கடை பிளாஸ்டிக் பையில் ரீலைப் போட்டுக்கொண்டு நடந்தபோது பையின் அடி கிழிந்துவிட்டது. விழுந்த ரீல் பலகைமேல் இரண்டு முறை குதித்து, ஓரத்துக்குப் போய், கொஞ்சம் யோசிப்பதுபோல நின்று, பிறகு கடலுக்குள் இறங்கிவிட்டது.

கூட வந்த கோக் லியோங் அதைப் பார்த்துவிட்டு அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். இவர் ரோஸ்டியின் இருபது வருடச் சிநேகிதர், டயர் கடைக்காரர், சிரித்தால் நிற்க முடியாதவர்.

"டேய், நூலை உள்ள விடுவாங்க, முள்ள விடுவாங்க. நீ ரீலையே இரையாப் போட்டுட்டியேடா."

ரோஸ்டியும் சிரித்தார். வீட்டுக்கு வந்து சோறு சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை முதல் பையை வாங்கினார்.

முதல் பை நல்ல பைதான். ஒரே ஒரு குறை, கைப்பிடி தையல் வெளியே தெரிந்தது. இரண்டாவது பை முதலாவதைவிட நல்ல பை. ஒரே ஒரு குறை, உள்ளே இருட்டு. மூன்றாவதில் வெளிச்சம் இருந்தது, ஆனால் அடிப்பாகத்தில் தரையில் ஊன்றுகிற குமிழ்கள் இல்லை, ஈரத் தரையில் வைத்தால் என்ன ஆவது? நான்காவதில் குமிழ்கள் இருந்தன. நான்கு மட்டும் இருந்தன, ஐந்து ரீலுக்கு நான்கு குமிழா? இப்படியே பதினொரு பைகள் வீடு வந்து சேர்ந்தன. எதுவும் கடல் பக்கம் போகவில்லை.

ரோஸ்டியின் மனைவி சல்பியா, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலை ஒன்றில் சமைப்பவர், எதையும் வீணாக்காதவர். முதல் பையில் வெங்காயம் வைத்தார். இரண்டாவதில் அரிசி. நான்காவதை மைத்துனி வீட்டுக்கு ரம்புத்தான் கொண்டுபோகிற பையாக ஆக்கினார். ஏழாவது பையில் பூனை குட்டி போட்டுவிட்டது. அதைக் கேட்ட ரோஸ்டி வருத்தப்படவில்லை. காற்றோட்டம் நல்ல முறையில் இருக்கிறது என்பதற்கு அதை ஒரு நற்சான்றாகவே எடுத்துக்கொண்டார்.

"அபாங்," என்றார் சல்பியா ஒருநாள். கணவரை அவர் அப்படித்தான் கூப்பிடுவார். "இந்த ரீலுங்களுக்கு எப்போ கல்யாணம்?"

"என்ன கல்யாணம்?"

"இவ்வளவு சீர்செனத்தி சேர்க்கிறீங்களே, அதான் கேட்டேன்."

"பை சரியா அமைஞ்சா பாதி மீன் பிடிச்ச மாதிரி, சல்பியா."

"அந்தப் பாதி மீனையாவது ஒருநாள் கொண்டு வாங்க. குழம்பு வச்சுப் பார்க்கிறேன்."

இந்த இனத்தாரிடம் கேலி எடுபடாது. நீங்கள் கேலி செய்தால், கேலி செய்தவருக்குப் பையைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஒரு வாய்ப்புக் கிடைத்ததாக நினைத்துக்கொள்வார்கள். சல்பியாவுக்கும் அன்று இருபது நிமிடம் தையல் வகைகளைப் பற்றிப் பாடம் நடந்தது. அவர் வெங்காயம் உரித்து முடித்தார்.

அந்த ஆண்டு ஜூலையில் குவாலா ரொம்பினுக்குப் போவதென்று முடிவானது. கிழக்குக் கரையில் உள்ள அந்த ஊரில் பாய்மீன் அகப்படும். முதுகில் பாய் விரித்துக்கொண்டு தண்ணீருக்கு மேலே ஆள் உயரம் எகிறுகிற மீன். தூண்டில்காரர்கள் வாழ்நாளில் ஒருமுறையாவது அதன் மூக்கைப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்ள ஆசைப்படுவார்கள். கோக் லியோங், பள்ளிப் பேருந்து ஓட்டுகிற மஹாடி, ரோஸ்டி, மூன்று பேர். படகில் நான்கு பேர் போகலாம்.

ஜூலைப் பயணம் ரோஸ்டியின் பத்தாவது பையின் ஜிப்பால் தள்ளிப்போனது. ஆகஸ்டுப் பயணம் பதினொன்றாவது பை வேறு நிறத்தில் வந்து சேர்ந்ததால் தள்ளிப்போனது. செப்டம்பரில் ரோஸ்டி கோலாலம்பூரில் இருந்தார், ஒரு கடையில்.

அந்தக் கடையில் ஜூ லின் என்ற பெண் வேலை பார்த்தார். ரோஸ்டியை மூன்று வாரமாக அவருக்குத் தெரியும். அளவு நாடாவை எடுத்துப் பையை நீளவாக்கில், அகலவாக்கில், மூலைக்கு மூலை அளந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த தராசில் தொங்கவிட்டு, முகர்ந்து பார்த்து, தோளில் மாட்டிக்கொண்டு கடை வாசல்வரை நடந்து, திரும்பி வந்து, படகில் உட்காருவதுபோலக் குந்தி உட்கார்ந்து, அலையில் ஆடுவதுபோல ஆடிக்காட்டி, கடைசியில் தண்ணீர்ப் போத்தலைத் திறந்தார்.

"மாமா, தண்ணி ஊத்தக்கூடாது," என்றார் ஜூ லின்.

"தண்ணி போகாதுன்னு எழுதியிருக்கே."

"எழுதியிருக்கிறதை நம்பலாம்லா."

"நீ நம்புறியா?"

ஜூ லின் பையைப் பார்த்தார். ரோஸ்டியைப் பார்த்தார். மூன்று வாரம் ஒரு மனிதருக்கு எவ்வளவோ செய்யும். "ஊத்துங்க," என்றார்.

ஊற்றினார்கள். இருவரும் குனிந்து உள்ளே விளக்கடித்துப் பார்த்தார்கள். ஒரு பொட்டு இல்லை. இருபத்தேழு அறைகள், காற்றுப் புகாத ஜிப், அடியில் ஆறு குமிழ்கள், அழுக்குத் தெரியாத நீலச்சாம்பல் நிறம். ரோஸ்டி குறை தேடினார். மேலிருந்து தேடினார், கீழிருந்து தேடினார். இல்லை. குறையே இல்லாத பையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறபோது அவருக்குக் கொஞ்சம் பயமாகவே இருந்தது. இனிப் போகாமலிருக்கக் காரணம் கிடையாதே.

அன்று மாலையே கோக் லியோங் தொலைபேசியில் கூப்பிட்டார். குரலில் சிரிப்பில்லை.

"அக்டோபர் கடைசி வாரம். அதுக்கப்புறம் காத்து மாறிடும், படகு வெளிய போகாது. படகுக்காரர் பாக் சூ ஜூசோ தேதி குடுத்திட்டார். நீ வர்றியா?"

"வர்றேன்டா. பை கிடைச்சாச்சு."

"கிடைச்சிருக்கும். எதுக்கும் உன் இடத்துக்கு இன்னொரு ஆளைச் சொல்லி வச்சிருக்கேன்."

"யாரை?"

"உன் பொண்டாட்டியை."

ரோஸ்டி திரும்பிப் பார்த்தார். சல்பியா அடுப்பில் மிளகாய்ச் சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தார். முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

"நீ வர்றேன்னு சொன்னியா?"

"கேட்டாங்க. நானும் கடலைப் பார்த்து வருஷமாச்சு. நீங்க வந்தா நாலாவது ஆளா வர்றேன். வரலேன்னா மூணாவது ஆளா வர்றேன்."

கட்டின மனைவி தன் இடத்தில் உட்கார்ந்து பாய்மீன் பிடிப்பதை நினைத்துப் பார்த்ததும் ரோஸ்டி அன்றிரவே பையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அடுத்த மூன்று வாரமும் பையை அடுக்கினார். ஒவ்வோர் அறைக்கும் ஒன்று முதல் இருபத்தேழு வரை எண் கொடுத்தார். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று அட்டவணை எழுதி, அதற்குக் கண்ணாடித்தாள் ஒட்டி, பத்திரமான ஓர் அறையில் வைத்தார். எடுத்து வைத்தவற்றில் நகவெட்டி மட்டும் ஐந்து. ரீலுக்கு ஒன்று என்று கணக்கா?

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் மஹாடியின் வண்டியில் கிளம்பினார்கள். பின்னிருக்கையில் ரோஸ்டி, நடுவில் பை, அந்தப் பக்கம் சல்பியா. பைக்கு ஜன்னலோர இருக்கை கொடுக்கலாமா என்று கோக் லியோங் கேட்டார். பஹாவ் தாண்டி, முவாட்சாம் ஷா தாண்டி, ரொம்பினுக்குப் போய்ச் சேர்ந்து, ஆற்று இறாலை ஒரு கை பார்த்துவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்குப் படகுத்துறையில் நின்றார்கள். கோக் லியோங்கின் ரீல்கள் ஓர் அரிசிச் சாக்கில் இருந்தன. மஹாடியுடையவை பிஸ்கட் டின்னில். இரண்டையும் பார்க்கச் சகிக்காமல் ரோஸ்டி ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

படகோட்டி பாக் சூ ஜூசோ, அறுபதைத் தாண்டியவர், வாயில் சுருட்டிய புகையிலை. பையைச் சுற்றி ஒரு நடை நடந்தார்.

"யாரு வீடு மாத்துறது?"

"இது என் பை, பாக் சூ."

"அப்படியா? இதையும் ஏத்தினா நீ எங்க உட்காருவ?"

ஏற்றினார்கள். பை முன்பக்கத்தில் உட்கார்ந்தது, ரோஸ்டி அதன் பக்கத்தில் உட்கார்ந்தார், படகு கடலுக்குள் போனது. ஒரு மணி நேரத்தில் கரை மறைந்தது. சின்ன முள் வரிசையை இறக்கி உயிர் இரைக்குச் சிறுமீன்களைப் பிடித்துத் தொட்டியில் விட்டார்கள். சல்பியாவுக்குக் கோக் லியோங் சாக்கிலிருந்து ஒரு ரீலை எடுத்து, கோலில் பூட்டி, கையில் கொடுத்தார். எப்படி வீசுவது என்று ஒரு தடவை காட்டினார். இரண்டாவது தடவை காட்டத் தேவைப்படவில்லை.

"அபாங், உங்க ரீலை எடுக்கலையா?"

"எடுக்கிறேன். எந்த ரீல் இன்னிக்குச் சரிவரும்னு தண்ணியப் பார்த்து முடிவு பண்ணணும்."

தண்ணீரைப் பார்த்தார். அரை மணி நேரம் பார்த்தார். அப்போதுதான் பாக் சூ கையை நீட்டினார். தூரத்தில் கடல்பறவைகள் ஒரே இடத்தில் குத்திக் குத்தி விழுந்துகொண்டிருந்தன. படகு பாய்ந்தது. கிட்டப் போனால், தண்ணீருக்கு மேலே கறுப்பாக ஒரு பாய், அதன் பக்கத்தில் இன்னொன்று, அப்புறம் எண்ண முடியவில்லை. மீன்கூட்டம் இரையைச் சுற்றி வளைத்துக்கொண்டிருந்தது.

"போடு, போடு," என்றார் பாக் சூ. மூன்று இரைகள் தண்ணீரில் விழுந்தன. நான்காவது விழவில்லை.

ரோஸ்டி முதல் அறையைத் திறந்தார். நகவெட்டி. மூடினார். திறந்ததைத் திறந்தபடி போடுவது அவர் வழக்கமில்லை. இரண்டாவது அறை, கண்ணாடி துடைக்கும் துணி. மூடினார். மூன்றாவது, இன்னொரு நகவெட்டி.

"சல்பியா, ரீல் எந்த அறை?"

"அட்டவணையைப் பாருங்க."

"அட்டவணை எங்க?"

"பத்தொன்பதாவது அறையில வச்சீங்க."

ரோஸ்டி பையைத் திருப்பினார். "பத்தொன்பதாவது எது?"

"அது அட்டவணையில இருக்கு."

மஹாடியின் கோல் வளைந்தது. அவர் வாயிலிருந்த ரொட்டியைத் துப்பிவிட்டு எழுந்தார். கோக் லியோங்கின் நூல் ஓடத் தொடங்கியது. இரண்டு பேரும் படகின் இரண்டு பக்கமும் நின்று ஒருவர்மேல் ஒருவர் கத்திக்கொண்டிருக்க, ரோஸ்டி வெளிச்சத்தில் அறைகளை எண்ணிப் பார்ப்பதற்காகப் பையைத் தூக்கிப் படகின் முன்விளிம்பில் வைத்தார். மஹாடியின் மீன் எகிறி முள்ளைத் துப்பிவிட்டுப் போனது. கோக் லியோங்கின் நூல் எதிலோ உரசி அறுந்தது. பதினொன்றாவது அறையின் ஜிப் மட்டும் சத்தம் போட்டது.

அந்த நேரம் பார்த்துச் சல்பியாவின் நூல் இறுகியது.

அவர் கத்தவில்லை. பள்ளிக்கூடத்தில் நானூறு பிள்ளைகளுக்கு ஒரே நேரத்தில் சோறு போடுகிறவர்கள் எதற்கும் கத்துவதில்லை. இரண்டு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு, "பாக் சூ, ஏதோ இழுக்குது," என்றார். நூறு அடிக்கு அப்பால் கடல் பிளந்து, நீலமும் வெள்ளியுமாக ஒரு மீன் முழு நீளத்துக்கு மேலே எழும்பி, தலையை உதறி, விழுந்தது. பாக் சூ சுக்கானை ஒடித்துத் திருப்பினார். படகு சாய்ந்தது. முன்விளிம்பில் இருந்த பை சாய்ந்தது. பிறகு அங்கே பை இல்லை.

பை மூழ்கவில்லை. அதுதான் அதன் பெருமை. காற்றுப் புகாத ஜிப்போடு, ஒரு பொட்டுத் தண்ணீரை உள்ளே விடாமல், அழகாக மிதந்து, தெற்குப் பக்கம் போகத் தொடங்கியது. சல்பியாவின் மீன் வடக்குப் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"மீனா, பையா?" என்றார் பாக் சூ. "சீக்கிரம் சொல்லு."

நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்பது வேறு. பைக்காரருக்கு இது உலகத்திலேயே கடினமான கேள்வி. இரண்டு வருடம், பன்னிரண்டு பை, ஐந்து ரீல், எண்ணெய், துணிச் சட்டை, எல்லாம் ஒரு பக்கம் மிதந்து போகிறது. இன்னொரு பக்கம் ஒரு மீன். ரோஸ்டி தன் பழக்கப்படி ஒப்பிடத் தொடங்கினார்.

"நீரோட்டம் எந்தப் பக்கம், பாக் சூ? மணிக்கு எவ்வளவு வேகம் இருக்கும்?"

"அபாங்," என்றார் சல்பியா திரும்பாமலே. "என் கை போகுது."

கல்யாணமான இருபத்திரண்டு வருடத்தில் அந்தக் கை போவதாகச் சல்பியா சொல்லி ரோஸ்டி கேட்டதில்லை. அவர் தெற்கே பார்த்தார். பை ஓர் அலைமேல் ஏறி இறங்கியது. இங்கிருந்து பார்க்க இன்னும் அழகாக இருந்தது.

"மீன்," என்றார். மிகவும் மெதுவாகச் சொன்னார். சல்பியாவுக்கு மட்டும் கேட்டது. பாக் சூ அதற்கு முன்னாலேயே படகை வடக்கே விட்டிருந்தார். அது ரோஸ்டிக்குத் தெரியாது. தெரிந்திருந்த சல்பியா இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

கோலின் அடிமுனை வயிற்றில் குத்தாமல் இருக்கக் கட்டுகிற பட்டை பையோடு போய்விட்டிருந்தது. ரோஸ்டி தோளில் கிடந்த துண்டை நாலாக மடித்துச் சல்பியாவின் இடுப்புக்கும் கோலுக்கும் நடுவே வைத்துக் கையால் பிடித்துக்கொண்டார். மீன் ஓடினால் விட்டார்கள். நின்றால் சுற்றினார்கள். அது ஆறு தடவை எகிறியது. ஆறு தடவையும் ரோஸ்டி மூச்சை இழுத்துப் பிடித்தார், ஒரு தடவைகூட அளவு நாடாவை நினைக்கவில்லை. இருபத்தைந்து நிமிடம் கழித்துப் பாக் சூ கையுறை போட்டுக்கொண்டு குனிந்து அதன் ஈட்டி மூக்கைப் பிடித்தார். தண்ணீரை விட்டு எடுக்காமலே பக்கவாட்டில் வைத்துக் காட்டினார். உடம்பெல்லாம் நீலக் கோடுகள் விளக்குப் போட்டதுபோல எரிந்தன. சல்பியா அந்தப் பாயைத் தொட்டுப் பார்த்தார். கோக் லியோங் படம் எடுத்தார். பாக் சூ மூக்கை விட்டார். மீன் ஒரு கணம் அங்கேயே நின்றது, பிறகு இல்லை.

"அழுறியா?" என்று கேட்டார் கோக் லியோங்.

"உப்புக் காத்து," என்றார் ரோஸ்டி.

கோக் லியோங் படகோட்டியின் பக்கம் திரும்பினார். "சரி பாக் சூ, இப்ப அந்தக் கழுதையைத் தேடுவோம்."

கழுதையைத் தேடினார்கள். எந்த நிறம் என்று மஹாடி கேட்டார். நீலச்சாம்பல் என்றார் ரோஸ்டி. மஹாடி நான்கு பக்கமும் இருந்த நீலச்சாம்பல் கடலைப் பார்த்துவிட்டு, ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்துச் சாப்பிட உட்கார்ந்தார்.

முக்கால் மணி நேரம் கழித்து, நங்கூரம் போட்டு நின்ற, கணவாய் மீன் பிடிக்கிற படகு ஒன்று தெரிந்தது. அதில் மூன்று பேர் பரபரப்பாக இருந்தார்கள். நடுவில் பை. யாருடையது என்று பெயர், முகவரி தேடுவதற்காக ஒவ்வோர் அறையாகத் திறந்து, படகின் தளம் முழுக்கப் பரப்பி வைத்திருந்தார்கள். ரீல், பிறகு நகவெட்டி, பிறகு இன்னொரு நகவெட்டி.

"இது உன்னோடதா?" என்று கேட்டார் அவர்களில் மூத்தவர்.

"என்னோடதுதான்."

"இவ்வளவும் எதுக்கு?"

"மீன் பிடிக்க."

மூத்தவர் தளத்தை ஒருமுறை கண்ணால் அளந்தார். "பிடிச்சியா?"

"நான் பிடிச்சேன்," என்றார் சல்பியா.

"எதை வச்சு?"

கோக் லியோங் அரிசிச் சாக்கைத் தூக்கிக் காட்டினார்.

வேறொருவராக இருந்தால் அந்த இடத்திலேயே கடலில் குதித்திருப்பார். ரோஸ்டிக்கு இதெல்லாம் காதில் விழவே இல்லை. அவர் அந்தப் படகுக்குத் தாவி, பையின் உள்ளே கையைவிட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"உள்ள தண்ணி இருந்துச்சா?"

"இல்ல."

"கொஞ்சம்கூட?"

"ஒரு பொட்டு இல்லப்பா."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"மூணு பேரு பார்த்தோம்."

அப்போது ரோஸ்டியின் முகத்தில் வந்த வெளிச்சத்தைச் சல்பியா அதற்கு முன்னால் இரண்டு தடவைதான் பார்த்திருந்தார். ஒன்று அவர்கள் கல்யாணத்தில். இன்னொன்று அந்தப் பை வீட்டுக்கு வந்த நாளில்.

திரும்ப அடுக்க நாற்பது நிமிடம் ஆனது. அட்டவணை அகப்பட்டது; கணவாய்ப் படகுக்காரர் ஒருவர் அதைக் காப்பிக் குவளைக்கு மூடியாக வைத்திருந்தார். அடுக்க அடுக்க ரோஸ்டி ஜிப்பைப் பற்றிச் சொன்னார், தையலைப் பற்றிச் சொன்னார், குமிழ்கள் ஏன் ஆறாக இருக்க வேண்டும் என்று சொன்னார். முதலில் மூத்தவர் மட்டும் கேட்டார். பிறகு மற்ற இரண்டு பேரும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், முப்பது வருடமாக எல்லாவற்றையும் ஒரு வாளியில் போட்டுக்கொண்டு நிம்மதியாக வாழ்ந்த மனிதர், தயங்கித் தயங்கிக் கேட்டார்:

"கணவாய் முள்ளுக்கு இப்படி ஏதாவது பை வருதா?"

"பாக் சூ," என்றார் கோக் லியோங். "படகை எடுங்க. இது பரவுது."

திரும்புகிற வழியில் கோக் லியோங் ரோஸ்டியின் கையில் தன் கோல் ஒன்றைக் கொடுத்து, பையைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டார். இரண்டு மணி நேரம் ரோஸ்டியின் நூல் தண்ணீரில் கிடந்தது. எதுவும் கடிக்கவில்லை. வெயில் முதுகைச் சுட்டது, சல்பியா பக்கத்தில் உட்கார்ந்து நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார். ஒரு ரீலும் கடலில் விழவில்லை. இவ்வளவுதானா மீன்பிடிப்பது, இதற்கா இவ்வளவு நாள் பயந்தோம் என்று ரோஸ்டிக்குத் தோன்றியதாம். பிறகு சல்பியாவிடம் சொன்னார்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் எல்லாரிடமும் கைத்தொலைபேசியை நீட்டினார். பையின் படம் இல்லை. சல்பியா பாய்மீனைத் தொடுகிற படம். "என் வீட்டுக்காரி," என்றார். "இருபத்தைந்து நிமிஷம். நான் துண்டு பிடிச்சேன்." கேட்டவர்கள் ஆச்சரியப்பட்டார்கள். கடலில் கிடந்தும் நனையாத பையின் கதை சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம்தான் வந்தது. இந்த இனத்தில் இது பெரிய முன்னேற்றம்.

கதை இதோடு நல்லபடியாக முடிந்தது என்று எழுதத்தான் ஆசை. அடுத்த பருவத்துக்கு நாலு பேரும் போவதென்று பேச்சு. ரோஸ்டி தயார். பை தயார். சல்பியா மட்டும் இன்னும் தயாராகவில்லை. தலைமுக்காட்டுக்கு மேலே போடுகிற மாதிரி, காற்றில் பறக்காத, காதை மறைக்காத, பின்கழுத்துக்கும் நிழல் விழுகிற தொப்பி ஒன்று வேண்டுமாம் அவருக்கு. நான்கு சனிக்கிழமையாகத் தேடுகிறார். மூன்று வாங்கிவிட்டார். மூன்றும் நல்ல தொப்பிகள்தான். கோக் லியோங் தொலைபேசியில் கூப்பிட்டால் ரோஸ்டிதான் எடுத்து, "கொஞ்சம் பொறுடா, தொப்பி அமையணும்" என்கிறார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். மீனுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை, தெரியும். நீங்கள் நாளை மறுநாள் முதல் காலையில் நடக்கப் போகிறவர். காலணிதான் இன்னும் சரியாக அமையவில்லை. நீங்கள் நாவல் எழுதப் போகிறவர். நோட்டுப் புத்தகத்தின் தாள் கொஞ்சம் மெல்லியதாக இருக்கிறது. நீங்கள் வீட்டில் ரொட்டி சுடக் கற்றுக்கொள்ளப் போகிறவர். அதற்கான அச்சு வெளியூரிலிருந்து வந்துகொண்டிருக்கிறது. எல்லாம் நியாயமான காரணங்கள். ஒன்றே ஒன்று செய்யுங்கள். எழுந்து போய் உங்கள் அலமாரியின் மேல்தட்டில், அட்டைப்பெட்டி பிரிக்காமல், விலைச்சீட்டு கிழிக்காமல் இருப்பவற்றை எண்ணிவிட்டு வாருங்கள். அவசரமில்லை, நான் இங்கேயே இருக்கிறேன்.

என்ன, ஏணி சரியில்லையா? நல்ல ஏணி வாங்கியதும் பார்க்கிறீர்களா?